உதவி தேவை: ஏற்காட்டுக் குளிரில் டீசல் பிக்கப் கிளம்ப மறுக்கிறது, எஞ்சின் பிளாக் ஹீட்டர் பொருத்தலாமா?

நாகலூர்த் தோட்டம்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் டீசல் பிக்கப் இந்த மார்கழிக் குளிரில் காலை வேளையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. கனடாவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே இதற்காகவே டீசல் வண்டிகளில் பிளாக் ஹீட்டர் பொருத்துகிறார்கள் என்று சொல்லி, 400 வாட் ஹீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். காப்பிப் பழம் பறிப்பு நடப்பதால் வண்டி அவசியம் தேவை. இதை எங்கே பொருத்துவது, எத்தனை மணி நேரம் மின்சாரம் கொடுப்பது என்று அறிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

சங்ககிரி லாரிக்காரர்
என்ன எஞ்சின், எந்த ஆண்டு மாடல், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக்) உண்டா? செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? மதியம் நிறுத்தி எடுத்தால் உடனே பிடிக்கிறதா? இவற்றைச் சொன்னால்தான் உதவ முடியும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்
எனக்குத் தெரிந்தவரை இது டீசல் கெட்டிப்படுவதால் வருவது. டேங்கில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து பாருங்கள். மலையில் ஓட்டிய பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பம்ப் ரூம்
வண்டியின் விவரம் ஒன்றுகூட இல்லாத கேள்விக்கு மண்ணெண்ணெய் வரை போய்விட்டீர்கள். அடிப்படையை நான் எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை, மீண்டும் எழுதுகிறேன். பிளாக் ஹீட்டர் என்பது எஞ்சின் பிளாக்கில் உள்ள கோர் பிளக் என்ற உலோக மூடியைக் கழற்றி அந்தத் துளையில் பொருத்தி, கூலன்டைச் சூடாக்கும் மின்கம்பி. குளிர் மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில், கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்னதாக அதற்கு மின்சாரம் கொடுப்பார்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் அங்கே பனி உறைவதில்லை. அந்தக் குளிரில் கிளம்ப மறுக்கும் எஞ்சினில் பழுது வேறெங்கோ இருக்கிறது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள்: கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். 120 வோல்ட்டில் 400 வாட் எடுக்கும் ஹீட்டரை நம் பிளக்கில் நேராகச் செருகினால் அது சுமார் 1,470 வாட் இழுக்கும். ஹீட்டர் எரிந்துபோகும், ஒயர் தீப்பிடித்தால் வண்டியோடு கொட்டகையும் போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்
வோல்டேஜ் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மண்ணெண்ணெய் கலப்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். லடாக்கில் அதைக் கலந்துதானே வண்டி ஓட்டினார்கள்?

பம்ப் ரூம்
லடாக்கில் மைனஸ் 30 டிகிரி வரை குளிர் இறங்குகிறது, அதனால் ஓட்டினார்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரியிலும் ஓட்டம் குறையாத டீசலை அங்கே அறிமுகப்படுத்தியதே அந்தத் தேவையை ஒழிப்பதற்காகத்தான். டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் அந்த டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது. பம்ப் தேய்ந்தால் செலவு உங்கள் தலையில் விழும். ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

அஸ்தம்பட்டி ஆட்டோ எலக்ட்ரிகல்
நான் முதலில் ஹீட்டர் பிளக்கைத்தான் சந்தேகிப்பேன். ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும், இணைப்பே காட்டாதது எரிந்துபோனது.

நாகலூர்த் தோட்டம்
பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், பேட்டரி புதியது. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. புகை துளியும் இல்லை. மதியம் உடனே பிடிக்கிறது. இரவில் வண்டி வீட்டுச் சரிவில் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கும்.

சங்ககிரி லாரிக்காரர்
புகை இல்லை என்பதும் வண்டி சரிவில் நிற்கிறது என்பதும்தான் இங்கே முக்கியம். ஹீட்டர் பிளக் எரிந்திருந்தால், உள்ளே போகும் டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே வந்திருக்கும். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. மூக்கு மேட்டில் இருக்கும்போது குழாயில் எங்கேனும் மயிரிழை அளவு காற்று புகுந்தாலும், ஃபில்டரில் இருக்கும் டீசல் இரவோடு இரவாகப் பின்னாலுள்ள டேங்கிற்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன், ஃபில்டர் தலையில் உள்ள கை பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) அது இறுகும் வரை அழுத்துங்கள். உடனே பிடித்தால், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய், கிளிப், பிரைமர் வால்வு ஆகிய மூன்றையும் பாருங்கள். முடிந்தால் ஓர் இரவு வண்டியைத் திருப்பி நிறுத்தியும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி ஆட்டோ எலக்ட்ரிகல்
இருந்தாலும் ஹீட்டர் பிளக்கையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

நாகலூர்த் தோட்டம்
பிரைமர் முதலில் தொளதொளவென்று இருந்தது. இறுகும் வரை அடித்ததும் எஞ்சின் உடனே பிடித்துவிட்டது. ஃபில்டர் பக்கத்துக் குழாய் கிளிப்புக்கு அடியில் வெடித்திருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன். நன்றி.

மஞ்சக்குட்டை ஜீப்
ஐயா, வெடித்தது டேங்கிலிருந்து வரும் குழாயா, டேங்கிற்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயா? என் ஜீப்பிலும் இதே தொல்லை இருக்கிறது.