எங்கட ஏரியா கொம்பிரிஹென்சிவ்: உள்ளுக்க இருந்து பாத்தவன் சொல்லுறன்

"கிரமர் கிடைக்கேல்லை, கொம்பிரிஹென்சிவ்தான்" எண்டு செத்தவீட்டில கதைக்கிற குரலில சொல்லுற தாய் தகப்பனை லண்டனில எந்தத் தமிழ்க் கொண்டாட்டத்திலயும் காணலாம். கிரமர் எண்டா சோதனை வைச்சுப் பிள்ளையளைத் தெரிஞ்செடுக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம், கொம்பிரிஹென்சிவ் எண்டா சோதனை இல்லாமல் எல்லாரையும் எடுக்கிறது. நான் அந்தக் கொம்பிரிஹென்சிவ் ஒண்டில படிச்சனான். மகளும் இப்ப அங்கதான்.

1989ல, பாதி வருசத்தில, பதின்மூண்டு வயசில போய்ச் சேர்ந்தன். ஊரில பெரிய பள்ளிக்கூடத்துக்கு இடம் எடுக்கிறதெண்டா சோதனை, ஆரையாவது பிடிக்கிறது, நன்கொடை எண்டு எவ்வளவு அலைச்சல். அப்பா அந்தப் பழக்கத்தில என்ரை ரிப்போட் எல்லாத்தையும் மொழிபெயர்ப்பிச்சு ஃபைலுக்க வைச்சுக் கொண்டந்தவர். வருசப் பொறுப்பு ரீச்சர் அதைத் திறக்கவே இல்லை. பிறந்த தேதியும் விலாசமும் கேட்டா. "சோதனை எப்ப?" எண்டு அப்பா கேக்க, "திங்கட்கிழமை வரச் சொல்லுங்கோ" எண்டவ. அவ்வளவுதான். வீட்டை வந்தும் அப்பாவுக்குச் சந்தேகம் தீரேல்லை. சோதனை இல்லாமல் எடுக்கிற பள்ளிக்கூடம் என்ன பள்ளிக்கூடம் எண்டு அம்மாவோட வாதாடினவர்.

பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கட்டிடம், நடுவில ஒரு றோட்டு. ஒரு பக்கம் சிவப்புச் செங்கல், உயர்ந்த மண்டபம், சுவரில மரப்பலகை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போனவையின்ரை பேர் அதில தங்க எழுத்தில வரிசையா வந்து, எழுபதுகளின்ரை தொடக்கத்தோட சட்டெண்டு நிண்டு போகும். மற்றப் பக்கம் தட்டைக் கூரையும் கண்ணாடியும், மழைக்கு ஒழுகும். இதுக்குள்ள இருந்த கதையை எனக்குச் சொன்னவர் அங்க வேலை செய்த கெயார்டேக்கர் தாத்தா. அவர் அந்த ஒழுகிற கட்டிடத்தில படிச்சவர்.

1944ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதினொரு வயசில லெவன் பிளஸ் எழுத வேணும். பாஸ் பண்ணினவை கிரமருக்கு, மிச்சப் பேர் செக்கண்டரி மொடேர்னுக்கு. எங்கட ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை தெரிஞ்சவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா இஞ்ச தவறினால் கட்டிடமே வேற, ரையே வேற. தாத்தாவின்ரை தம்பி பாஸ், இவர் ஃபெயில். காலமை ஒண்டா வீட்டை விட்டு வெளிக்கிட்டு றோட்டடியில பிரிஞ்சு போவினமாம். அந்த நேரம் பதினைஞ்சு வயசோட பள்ளிக்கூடத்தை விடலாம். இவரும் விட்டிட்டார். அது பதினாறாகினது 1972ல.

1965ல அந்தனி குரோஸ்லண்ட் கல்வி மந்திரியா இருக்கேக்கைதான் 10/65 எண்ட சுற்றறிக்கை வந்தது: பிள்ளையளைப் பிரிக்கிறதை விட்டிட்டு எல்லாரையும் ஒரே பள்ளிக்கூடத்தில சேர்க்கிறதுக்குத் திட்டம் தாங்கோ எண்டு உள்ளூராட்சி சபையளைக் கேட்டது. கட்டளை இல்லை, கேட்டதுதான். அதாலதான் கென்ற், பக்கிங்ஹாம்ஷயர் மாதிரி இடங்கள் இண்டைக்கும் கிரமரை விடேல்லை. இங்கிலாந்தில இன்னும் 163 மிச்சம். வேடிக்கை என்னெண்டா, 1970ல அந்தச் சுற்றறிக்கையைத் தூக்கி எறிஞ்சவ மார்கிரட் தட்சர். அவ கல்வி மந்திரியா இருந்த அந்த நாலு வருசத்திலதான் கனக்கக் கிரமரெல்லாம் கொம்பிரிஹென்சிவ் ஆனது.

எங்கட பள்ளிக்கூடமும் அப்பிடி ரெண்டைச் சேர்த்து ஒண்டாக்கினதுதான். பேருக்கு ஒண்டு. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கெட்டித்தனத்தைப் பாத்து உள்ளுக்க திருப்பியும் பிரிப்பினம், 'செற்' எண்டு. எனக்கு இங்கிலீஷ் வராததால கணக்கிலயும் கடைசிச் செற். வசனத்தில கேட்டாத்தான் தடுமாற்றம். கரும்பலகையில வெறும் சமன்பாடு போட்ட ஒரு நாள், சேர் எழுதி முடிக்க முதல் நான் விடை சொல்லிப்போட்டன். அடுத்த கிழமை மேல் செற்றுக்கு மாத்திவிட்டவர்.

என்னோட இருந்த இன்னொரு தமிழ்ப் பெடியனுக்கு அந்தச் சந்தர்ப்பம் வரேல்லை. பதினாறு வயசில எழுதுற ஜி.சி.எஸ்.ஈ. சோதனையில அவனைக் கீழ்மட்டக் கணக்குத் தாளுக்குப் போட்டினம். அந்தத் தாளில எவ்வளவு எழுதினாலும், பாஸ் எண்டு எல்லாரும் பாக்கிற சி கிரேட் எடுக்க வழியே இல்லை. "எல்லாம் சரியாச் செய்தனான் எண்டவன், ஏன் சி இல்லை?" எண்டு அவன்ரை அப்பா மாதக்கணக்கா ஆக்களைக் கேட்டுத் திரிஞ்சவர். வீட்டுக்கு வந்த கடிதத்தில அது இருந்திருக்கலாம், ஆர் வாசிக்கிறது? 2008 சோதனையோடதான் கணக்கில அந்தத் தாளிலயும் சி குடுக்கத் தொடங்கினது. லெவன் பிளஸ்ஸை வாசலால அனுப்பிப்போட்டு யன்னலால உள்ளுக்க எடுத்த வேலை அது எண்டு எனக்கு இண்டைக்கும் கோபம்.

அதே பள்ளிக்கூடம்தான் என்னைத் தூக்கியும் விட்டது, அதையும் சொல்லத்தான் வேணும். 'செக்சன் 11' எண்டு, வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளையளுக்காக அரசாங்கம் காசு குடுத்து வைச்ச ரீச்சர்மார் இருந்தவை. அப்பிடியொரு மிஸ் சரித்திர வகுப்பில எனக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருப்பா. எட்டாம் ஹென்றி ஏன் போப்போட சண்டை பிடிச்சவர் எண்டு நான் கையாலயும் காலாலயும் சொல்ல, அவ அதை ஒரு வசனமா எழுதிக் காட்டுவா, நான் பாத்து எழுதுவன். சோமாலி, வங்காளி, வியட்நாம் பிள்ளையள் எண்டு மேசையைச் சுற்றி எல்லாருக்கும் அவ ஒருத்திதான்.

இப்ப அது அக்கடமி, எண்டா உள்ளூராட்சி சபையிட்ட இல்லாமல் ஒரு ட்ரஸ்ட் அரசாங்கக் காசில நடத்துற பள்ளிக்கூடம். புதுப் பேர், பிளேசர், வாசலில ட்ரஸ்டின்ரை போட். ஒழுகின கட்டிடத்தை இடிச்சிட்டினம். செற் மட்டும் அப்பிடியே இருக்கு. மகளின்ரை பெற்றோர் மாலைக்குப் போகேக்க நான் கேக்கிற முதல் கேள்வி "ஃபவுண்டேசனா, ஹையரா?" எண்டதுதான், எண்டா கீழ்மட்டத் தாளா, மேல்மட்டத் தாளா எண்டு. இப்ப எழுத்துக்குப் பதிலா ஒண்டில இருந்து ஒன்பது வரைக்கும் இருக்கிற கிரேட்டில ஃபவுண்டேசன் தாளுக்கு உச்சம் ஐஞ்சு. பிள்ளையள் இயர் 10, 11ல இருக்கிறவை, மொக் எண்ட மாதிரிச் சோதனை மார்க்ஸ் வந்த உடனையே இதைக் கேளுங்கோ. சோதனைக்குப் பேர் குடுத்து முடிஞ்சாப் பிறகு மாத்திறது பெரிய கரைச்சல்.