மீன் மேலே வருகிறது, ஈயைத் தொடமாட்டேன் என்கிறது (பீவர்கில் ஆறு, ஜூன்)

ஆத்தோரம்:
ஃப்ளை ஃபிஷிங்கில், அதாவது பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை ஈயை வைத்து மீன் பிடிப்பதில், இது எனக்கு இரண்டாவது வருஷம். போன சனிக்கிழமை சாயங்காலம் நியூயார்க் மாநிலம் ராஸ்கோ பக்கம் பீவர்கில் ஆற்றில் இறங்கினேன். ஏழரைக்கு மேல் மஞ்சள் மேஃப்ளை பூச்சி, சல்ஃபர் என்கிறார்களே அதுதான், கூட்டமாகக் கிளம்பியது. ஐந்தாறு ட்ரவுட் மீன்கள் விடாமல் மேலே வந்து தின்றன. நானும் 16ஆம் நம்பர் கொக்கியில் கட்டிய சல்ஃபர் டிரை ஃப்ளைதான் (தண்ணீர் மேல் மிதக்கிற செயற்கை ஈ) போட்டேன். ஒன்று முட்டாத குறையாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. இருட்டும்வரை வெறுங்கைதான். ஈயைக் கட்டுகிற நுனி நரம்பு, அதான் டிப்பெட், 4எக்ஸ். எங்கே தப்பு?

பழைய ராடு:
கிட்ட வந்து திரும்பினால் முக்கால்வாசி டிராக்தான் தம்பி, அதாவது லைன் ஈயை இழுப்பது. நடுவில் ஓட்டம் வேகமாக இருந்தால் அது லைனை முதலில் இழுத்துக்கொண்டு போகும், ஈ பின்னாலேயே இழுபடும். நமக்குத் தெரியாது, மீனுக்குத் தெரியும். லைன் விழுந்ததும் ராடால் அதை எதிரோட்டப் பக்கம் புரட்டிப் போடுங்கள். 4எக்ஸ் தடிமன், அதைவிட மெல்லிசான 6எக்ஸ் மூன்றடி கட்டுங்கள்.

ஆத்தோரம்:
புரட்டிப் பார்த்தேன் அண்ணா, பாதி நேரம் ஈயும் சேர்ந்து நகர்கிறது.

பழைய ராடு:
அப்படியானால் மீனுக்கு மேல்பக்கம் நின்று கீழே விடுங்கள். ஈதான் முதலில் போய்ச் சேரும்.

சாம்பல் இறகு:
மீன் வாய் வைத்த இடத்தில் குமிழி நின்றதா?

ஆத்தோரம்:
இல்லை. முதுகும் வாலும்தான் தெரிந்தன.

சாம்பல் இறகு:
அப்போ அது மிதப்பதைத் தின்னவில்லை. மேலே உள்ள பூச்சியை விழுங்கினால் காற்றும் உள்ளே போகும், குமிழி வரும். இது தோலுரித்து வெளியே வரத் திணறுகிற பூச்சியை, மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே பிடிக்கிறது. அந்தப் பூச்சி மாதிரிச் செய்த ஈ, எமெர்ஜர், கட்டுங்கள். கையில் இல்லையென்றால் டிரை ஃப்ளையின் அடிப்பக்க இறகைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுங்கள், தாழ்ந்து மிதக்கும்.

பழைய ராடு:
அதுவும் சரிதான், எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் தெர்மாமீட்டர் எடுத்துப் போங்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸ் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். வெயில் நாளில் சாயங்காலத் தண்ணீர்தான் சூடு, விடியற்காலை தேவலை.

ஆத்தோரம்:
நேற்று போய்வந்தேன். தண்ணீர் 17 டிகிரி. கத்தரி வேலை செய்தது! 13 அங்குல பிரவுன் ட்ரவுட் ஒன்று, விட்டுவிட்டேன். ஆனால் எட்டரைக்கு மேல் அதையும் தொடவில்லை. தண்ணீரில் இறக்கையை விரித்தபடி பூச்சிகள் செத்து மிதந்தன.

சாம்பல் இறகு:
முட்டையிட்டு விழுந்தவை, ஸ்பின்னர். 16இல் அது மாதிரிச் செய்த ஈ, ரஸ்டி ஸ்பின்னர், நாலு வாங்கி வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிடுங்கள், அந்த இருட்டில் 6எக்ஸை ஈயின் கொக்கிக் கண்ணில் கோக்க முடியாது.