ஐஸ் ஹாக்கி: ரிஸ்ட் ஷாட்டில் பக் மேலே எழும்பவே இல்லை, உதவி தேவை

மூன்றாம்வரிசை எழுதியது:
வணக்கம். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன். ரிஸ்ட் ஷாட் (மட்டையை ஓங்காமல், பிளேடால் இழுத்து வந்து அடிப்பது) அடித்தால் பக், அதாவது அந்த ரப்பர் வட்டு, பனியை விட்டு எழும்புவதே இல்லை. பத்துக்கு ஒன்று எழும்பினாலும் காற்றில் தள்ளாடியபடி போய்க் கோல்கீப்பரின் மடியில் விழுகிறது. மீதியெல்லாம் தரையோடு தரையாக, பெரும்பாலும் கம்பத்துக்கு இடப்புறம் வெளியே போய்விடுகிறது. மணிக்கட்டை நன்றாகத்தான் சுழற்றுகிறேன். தினமும் நூறு முறை அடித்துக் கை வலிதான் மிச்சம். என்ன தவறு செய்கிறேன்?

நீலக்கோடு எழுதியது:
உங்கள் எடை என்ன? மட்டையின் பிளெக்ஸ் எண் (விறைப்பைக் காட்டும் எண்) என்ன? தண்டை வெட்டினீர்களா? எந்தப் பக்கம் அடிப்பவர்? பிளேடின் (பக்கைத் தொடும் அடிப்பகுதியின்) வளைவு எப்படிப்பட்டது? பயிற்சி பனித்தளத்திலா, வீட்டுத் தரையிலா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் என்ன தவறு என்று கேட்டால் நாங்கள் எதைப் பார்த்துச் சொல்வது?

பழையமரம் எழுதியது:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் மாதமே மேல் மூலையைக் குறி வைக்கிறார்கள், ஆனால் ஒற்றைக் காலில் பத்து வினாடி சறுக்கத் தெரியாது. முழங்காலை மடக்கி நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். நிலைப்பாடு இல்லாதவனிடம் ஷாட் இருக்காது. கண்டிப்பாகச் சொல்கிறேனே என்று வருந்த வேண்டாம், எனக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வலைமூலை எழுதியது:
பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள் நண்பரே! ரிஸ்ட் ஷாட் என்பதால் மணிக்கட்டுதான் எல்லாம் என்று நினைத்துவிட்டீர்கள். வேகம் உடல் எடையிலிருந்து வருகிறது. பக் பின்காலுக்கு அருகில் இருக்கும்போது எடை முழுவதும் பின்காலில் இருக்க வேண்டும். அங்கிருந்து பக்கை இழுத்துக்கொண்டு வரும்போதே எடை முன்காலுக்கு மாற வேண்டும். அடித்து முடித்தபின் பின்கால் இலேசாகி, தானாகத் தரையை விட்டுத் தூக்கினால் சரியாகச் செய்தீர்கள் என்று பொருள். இரண்டு கால்களிலும் சமமாக எடையை வைத்துக்கொண்டு கையால் மட்டும் அடிப்பவருக்குத்தான் கை வலிக்கும். உங்களுக்கு வலிக்கிறது என்கிறீர்கள், ஆகவே இதுதான்.

மூன்றாம்வரிசை எழுதியது:
மன்னிக்கவும், வேலையிலிருந்து எழுதுகிறேன். எடை 62 கிலோ. மட்டையில் 95 என்று அச்சிட்டிருக்கிறது. நீளம் அதிகமாக இருந்ததால் 3 அங்குலம் வெட்டினேன். வலப்பக்கம் அடிப்பவன். எடை மாற்றுவதை இன்று மாலை பார்க்கிறேன்.

நீலக்கோடு எழுதியது:
கிடைத்துவிட்டது! 62 கிலோ என்பது ஏறக்குறைய 137 பவுண்டு. பிளெக்ஸ் எண் என்பது மட்டையை 1 அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதுதான். எடையில் பாதி என்று கணக்கு வைத்தால் உங்களுக்கு 65, 70 போதும். உங்களிடம் இருப்பதோ 95. தண்டைக் குட்டையாக்கினால் அது இன்னும் விறைப்பாகும் என்பதால், 3 அங்குலம் வெட்டிய பிறகு 100-ஐத் தாண்டியிருக்கும். மட்டை வளைந்து நிமிரும்போதுதான் பக் பாய்கிறது. நீங்கள் வைத்திருப்பது வளையாத கம்பு. உடனே மாற்றுங்கள்.

பழையமரம் எழுதியது:
எதற்கெடுத்தாலும் மட்டையை மாற்று, மட்டையை மாற்று. கார்பன் மட்டைகள் பரவிய பிறகும், வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் ஆடிய ஆல் மெக்கின்னிஸ் மர மட்டையை விடவில்லை. ஆல்ஸ்டார் திறன் போட்டியில் வேகமான ஷாட்டுக்கான பரிசை 7 முறை வென்றவர் அவர். கருவியில் குறை கண்டுபிடிக்கிறவன் கையைத் திருத்த மாட்டான்.

நீலக்கோடு எழுதியது:
ஐயா, மெக்கின்னிஸ் அடித்தது ஸ்லாப் ஷாட். அதில் பக்குக்குச் சற்று முன்னால் பனியை ஓங்கி அறைந்து மட்டையை வளைக்க முடியும். ரிஸ்ட் ஷாட்டில் அந்த ஓங்கல் இல்லை, கீழ்க் கையின் அழுத்தம் மட்டும்தான். உடலும் ஒரு கணக்கு. 2012 ஆல்ஸ்டார் திறன் போட்டியில் ஸ்டேனோ சாரா மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்தார். அவர் 6 அடி 9 அங்குலம். அவருடைய மட்டையை நம் நண்பரிடம் கொடுத்தால் கதவுத் தாழ்ப்பாளாக வைத்துக்கொள்ளலாம், ஷாட் அடிக்க முடியாது.

தடுப்பாளி எழுதியது:
இருவரும் பிளேடைப் பற்றிப் பேசவே இல்லை. பக் எழும்பாததற்கு முதல் காரணம் வளைவுதான். முகம் சற்றுத் திறந்த (மேல்நோக்கிச் சாய்ந்த), நுனிப்பக்கம் வளைந்த பிளேடு வாங்கினால் நீங்கள் எதுவும் செய்யாமலே பக் மேலே போகும். வளைவுக்கு அவ்வளவு வலிமை இருப்பதால்தான் என்எச்எல் அதற்கு வரம்பே வைத்திருக்கிறது. 1993 இறுதித் தொடரில் மார்ட்டி மெக்சோர்லி மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா?

பழையமரம் எழுதியது:
நினைவிருக்கிறதாவா! இரண்டாவது ஆட்டம். மெக்சோர்லியின் அணி லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் 2-1 என்று முன்னிலை, முடிய 1 நிமிடம் 45 வினாடி. மாண்ட்ரியல் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ் மெக்சோர்லியின் மட்டையை அளக்கச் சொன்னார். வளைவு அளவை மீறியிருந்தது, மெக்சோர்லிக்கு 2 நிமிடத் தண்டனை. எரிக் டெஜார்டான் சமன் செய்து, கூடுதல் நேரத்திலும் அவரே அடித்து முடித்தார். மாண்ட்ரியலின் 3 கோலும் அவருடையவை. ஆனால் தடுப்பாளி, அந்த மட்டையால் மெக்சோர்லி கோல் அடித்தார் என்றா சொல்கிறீர்கள்? வளைவு அவருக்குத் தண்டனையைத்தான் வாங்கிக்கொடுத்தது.

தடுப்பாளி எழுதியது:
கோல் அடித்தார் என்று நான் சொல்லவில்லை. வளைவால் பயன் இல்லை என்றால் தண்டனைக்கு ஆளாவது தெரிந்தும் வீரர்கள் ஏன் வளைக்கிறார்கள்? அப்போது அரை அங்குலம்தான் வரம்பு. 2006-இல் அதை முக்கால் அங்குலமாக உயர்த்தினார்கள். பயன் இல்லாத ஒன்றுக்கு யாரும் விதியைத் தளர்த்த மாட்டார்கள்.

நீலக்கோடு எழுதியது:
தளர்த்தியது அதிகக் கோல் வேண்டும் என்பதற்காக. அதற்கும் ஐந்து மாதம் ஆடியவருக்கும் என்ன தொடர்பு? திறந்த பிளேடை வைத்துக்கொண்டு பேக்ஹேண்ட் பாஸ் (பிளேடின் பின்பக்கத்தால்) கொடுத்துப் பாருங்கள், எங்கே போகிறது என்று.

பழையமரம் எழுதியது:
அவர் ஐந்து மாதம் ஆடியதாக எங்கே சொன்னார்?

நீலக்கோடு எழுதியது:
சொல்லவில்லை. பேச்சை வைத்து ஊகித்தேன். நானே தவறாக ஊகித்திருக்கலாம்.

குதிநுனி எழுதியது:
மூன்றாம்வரிசை, இவர்கள் பேசி முடிக்கட்டும். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பிளேடில் புதிதாக வெள்ளை டேப் சுற்றுங்கள். அதே பிளேடால் முப்பது ஷாட் அடியுங்கள். பக் ரப்பர் என்பதால் பட்ட இடத்தில் கறுப்புத் தடம் விடும். அந்தத் தடம், தண்டோடு சேரும் குதியிலிருந்து நுனி வரை கோடுகளாக இழுத்திருக்கிறதா, ஒரே இடத்தில் திட்டாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அடித்து முடித்த கணத்தில் அப்படியே அசையாமல் நின்று, உங்கள் மேல் கை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இவை இரண்டும் தெரியாமல் மட்டை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம்வரிசை எழுதியது:
செய்து பார்த்தேன். பிளேடின் நடுவில் ஒரே திட்டு, கைக்கடிகார முகப்பு அளவுக்கு. கோடுகளே இல்லை. மேல் கை இடுப்பெலும்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மட்டையின் முனை வயிற்றில் இடிக்கிறது, அங்கே சிறிய நீலக் கன்றல்கூட இருக்கிறது, இதுவரை ஏன் என்று யோசித்ததில்லை. இன்னொன்று, முன்பு சொல்ல மறந்துவிட்டேன். பள்ளியிலும் கல்லூரியிலும் ஒன்பது ஆண்டு புல்தரை ஹாக்கி ஆடியவன். பனிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது.

நீலக்கோடு எழுதியது:
இதையல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்!

இடதுவீச்சு எழுதியது:
அப்படியென்றால் கேள்வியே வேறு. நீங்கள் எழுதுவது வலக்கையால்தானே? புல்தரை ஹாக்கியில் எல்லா மட்டையும் ஒரே பக்கம் என்பதால் வேறு வழி இல்லாமல் இடக்கை மேலே, வலக்கை கீழே பழகியிருக்கிறீர்கள். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பக்கைக் கையாளும்போது தனியாக மட்டையைப் பிடிப்பது மேல் கைதான், அது வலிமையான, நுட்பமான கையாக இருக்க வேண்டும். வலக்கைக்காரர்களில் ஏராளமானோர் இடப்பக்கம்தான் அடிக்கிறார்கள். ஆறு மாதம்தானே, இப்போதே மாறிவிடுங்கள்.

வலைமூலை எழுதியது:
ஒன்பது ஆண்டு பழகிய கையைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா? வலப்பக்கம் அடிக்கும் சிறந்த வீரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இது தேவையில்லாத அறிவுரை. என் எடை மாற்றக் கருத்தையும் இன்னும் யாரும் மறுக்கவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

குதிநுனி எழுதியது:
பக்கத்தை மாற்ற வேண்டாம். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புல்தரை மட்டை சுமார் 36 அங்குலம். இரண்டு கையும் உடலுக்கு முன்னால் தாராளமாக ஆடும், முழங்கையை விலாவோடு வைத்தாலும் மட்டை எங்கும் இடிக்காது. உங்கள் கையில் இருப்பது அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளம். அந்தப் பழக்கத்திலேயே மேல் கையை இடுப்பில் ஒட்டி வைத்தால் மட்டையின் முனைக்குப் போக இடமில்லை. முனை நகராவிட்டால் பிளேடு திரும்பாது. மணிக்கட்டைச் சுழற்றுவதாக நினைக்கிறீர்கள், உண்மையில் தண்டு பூட்டிக்கிடக்கிறது. அந்தக் கன்றல் அதற்குச் சாட்சி.

மேல் கையை உடலிலிருந்து ஒரு சாண் வெளியே தள்ளுங்கள், முழங்கை உங்களுக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் தெரிய வேண்டும். அடிக்கும்போது கீழ்க் கை முன்னும் கீழுமாகத் தள்ள, மேல் கை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். தள்ளலும் இழுப்பும் சேரும்போதுதான் மட்டை வளையும். வாசல் திறக்க ஒரு கையால் கதவையும் மறு கையால் நிலையையும் பிடிப்பது போல, எதிரெதிராக.

இனி அந்தக் கறுப்புத் திட்டு. பக் குதியருகே தொடங்கி, பிளேடின் மீது உருண்டு, நுனியருகே விடுபட வேண்டும். உருளும்போதுதான் அதற்குச் சுழற்சி கிடைக்கிறது. சுழலும் பக் பம்பரம் போல் தட்டையாக நிலைத்துப் போகும், சுழலாதது தள்ளாடும். நீங்கள் தள்ளியதாகத்தான் தடம் சொல்கிறது, உருட்டவில்லை. பந்துக்குச் சுழற்சி இல்லாவிட்டாலும் புல்தரையில் அது ஓடிவிடும். 1 அங்குலத் தடிமனும் 3 அங்குல விட்டமும் உள்ள தட்டையான பக் அப்படி இல்லை.

இடப்புறம் போவதற்குக் காரணம் கடைசியில் பிளேடு எங்கே முடிகிறது என்பது. வலப்பக்கம் அடிப்பவர் உடலைச் சுற்றிக்கொண்டு இழுத்தால் பக் இடப்பக்கம் விலகும். அடித்த பின் பிளேடின் நுனி இலக்கையே சுட்டி நிற்கட்டும். தாழ்வாக நின்றால் தாழ்வாகப் போகும், மேல் கம்பியை நோக்கி உயர்ந்தால் உயரும்.

முதல் வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். பக்கில் குறுக்காக ஒரு துண்டு டேப் ஒட்டி, நாலடி தூரத்தில் மெதுவாக அடியுங்கள். டேப் சீராகச் சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மட்டை விறைப்பு என்று நீலக்கோடு சொன்னது உண்மைதான், அடுத்த மட்டை வாங்கும்போது மென்மையானதாக வாங்குங்கள். எடை மாற்றமும் வேண்டும், ஆனால் பூட்டிய கையோடு எடையை மாற்றினால் பூட்டு இன்னும் இறுகும்.

பழையமரம் எழுதியது:
குதிநுனி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். கீழ்க் கையைப் புல்தரைப் பழக்கத்தில் மேலே வைத்திருப்பார். தண்டின் பாதி வரை இறக்கினால் அழுத்தம் பிறக்கும். முழங்காலையும் மடக்க வேண்டும், முதலிலேயே சொன்னேன்.

தடுப்பாளி எழுதியது:
1993 மட்டை விவகாரத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், விருப்பம் உள்ளவர்கள் அங்கே வரலாம். இங்கே இடத்தை எடுத்துக்கொண்டதற்கு வருந்துகிறேன்.

நீலக்கோடு எழுதியது:
மூன்றாம்வரிசை, சனிக்கிழமை என்ன ஆயிற்று?

வலைமூலை எழுதியது:
ஒரு வாரம் ஆகிறது. ஆளைக் காணோம்.

மூன்றாம்வரிசை எழுதியது:
மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. சனிக்கிழமை பழைய மாதிரியேதான் அடித்தேன், பழக நேரம் இல்லை. அதன்பின் பத்து நாள் டேப் ஒட்டிய பக்கோடு மெதுவாக மட்டும் செய்தேன். இப்போது பத்தில் ஆறு எழும்புகிறது, தள்ளாடுவதில்லை. பிளேடில் கோடுகள் விழுகின்றன. வயிற்றில் கன்றலும் மறைந்துவிட்டது. மட்டையை இன்னும் மாற்றவில்லை. குதிநுனி ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி, மற்ற எல்லோருக்கும்.

குதிநுனி எழுதியது:
மகிழ்ச்சி. நின்றபடி பத்தில் ஆறா, சறுக்கிக்கொண்டே வந்து அடிக்கும்போதா? ஓட்டத்தில் மேல் கை மறுபடி இடுப்புக்கு வந்துவிடும், அதைக் கவனித்தீர்களா?