படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு அறையை எப்படி மாற்றலாம்?

திண்ணைவாசி:
பக்கவாதம் வந்த பிறகு அப்பா நாள் முழுக்கக் கட்டிலில்தான். வாடகை ஃப்ளாட், எதையும் இடிக்க முடியாது. தெற்குச் சுவரில் ஜன்னல், வெளியே நல்ல வேப்பமரம், ஆனால் அது அவர் தலைமாட்டுக்குப் பின்னால் போய்விட்டதால் எந்நேரமும் பீரோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி டயப்பர் மாற்ற ட்யூப்லைட் போட்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். கட்டிலைத் திருப்பலாம் என்றால், வடக்கே தலை வைக்கவே கூடாது என்று அத்தை தடுக்கிறார். அறையை மாற்றினால் மனசுக்கு ஏதாவது தெம்பு வருமா?

செங்கல்சூளை:
வரும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களின் 1972-81 பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேருக்கு 8.70 நாள் ஆனது, வலிக்கு வீரியமான மருந்தும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. சின்ன ஆய்வு, நோயும் வேறு, ஆனாலும் கட்டிலைத் திருப்பக் காசா பணமா? அத்தை சொல்வதையும் மீற வேண்டாம், கிழக்கிலோ மேற்கிலோ தலை வைத்தால் ஜன்னல் பக்கவாட்டில் வந்துவிடும். அப்புறம் நீங்களே அந்தத் தலையணையில் படுத்துப் பாருங்கள், மரம் தெரிகிறதா வெறும் வானம்தானா என்று.

மாடிவீட்டு மல்லி:
விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பின்லாந்தில் ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக்கலைஞர் காசநோயாளிகளுக்காகக் கட்டிய பைமியோ மருத்துவமனை 1933-இல் திறந்தது. நோயாளி பார்ப்பது முழுக்க மேற்கூரையைத்தான் என்பதால் அதற்குக் கரும்பச்சை பூசினார்கள், விளக்கையும் கண்ணில் படாதபடி வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தூக்கம் கெடாமல் இருக்க, தண்ணீர் சத்தம் கேட்காத கைகழுவும் தொட்டிகூடச் செய்தார்கள். உங்கள் வீட்டில் அவர் தலைக்குப் பின்னால் தாழ்வாக ஒரு மஞ்சள் எல்இடி மாட்டுங்கள், ராத்திரி வேலைக்கு அது தாராளம்.

வார்டு 6:
நர்ஸாக ஒன்று கேட்கிறேன், எந்தக் கை கால் விழுந்தது? இடப்பக்கம் என்றால் சிலருக்கு அந்தப் பக்கம் இருப்பதே கவனத்தில் வராது, அங்கே மரம் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிசியோவிடம் கேட்காமல் திருப்பாதீர்கள்.

திண்ணைவாசி:
இடப்பக்கம்தான்! அப்படியானால் மேற்கே தலை, ஜன்னல் வலக்கைப் பக்கம், சரியா? பிசியோ நாளை வருகிறார், கேட்டுவிட்டுத் திருப்புகிறேன்.

வார்டு 6:
சரிதான். சில பிசியோக்கள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குவதற்காக வேண்டுமென்றே ஆட்களை அந்தப் பக்கம் உட்காரச் சொல்வார்கள். நாற்காலியை எங்கே போடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.