மறு: ‘ரிலேஷன்’, ‘ரிலேஷன்ஷிப்’ இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

தரவை அட்டவணைகளாக வைத்திருக்கும் ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்பதற்குத் தமிழில் ‘உறவுநிலைத் தரவுத்தளம்’, ‘தொடர்புசார் தரவுத்தளம்’ என்று இரண்டு வழக்குகள் ஏற்கெனவே உலவுகின்றன. ஏதாவது ஒன்றுக்கு வாக்களித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நம் கலைச்சொல் இழையில் யோசனை வந்திருக்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஓசையோ சந்தியோ காரணம் அல்ல. இரண்டுமே படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அது எந்த இடம் என்பதற்கு இதே இழையில் சான்று இருக்கிறது:

> பல அட்டவணைகள் ஒன்றோடு ஒன்று உறவு கொண்டிருப்பதால் அந்தப் பெயர். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம், பிள்ளைகளுக்கும் சட்டென்று புரிகிறது.

புரியத்தான் செய்யும். ஆனால் இந்த முறையை வகுத்த எட்கர் காட் சொன்னது அது அல்ல.

காட் ஆக்ஸ்ஃபர்டில் கணிதம் படித்தவர். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபோது, 1970 ஜூனில், ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் மாத இதழில், இந்த முறையை முன்வைத்த புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ‘ரிலேஷன்’ என்ற சொல்லைக் கணிதத்தில் வழங்கும் பொருளிலேயே ஆள்வதாக அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சில கணங்களை எடுத்துக்கொள்ளுங்கள் (கணிதத்தில் வரும் ‘செட்’; இலங்கை நண்பர்கள் ‘தொடை’ என்று படித்துக்கொள்ளவும்). ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துக் கோத்தால் ஒரு நிரை. அப்படிப்பட்ட நிரைகளின் கணம்தான் ரிலேஷன். உறவு இருப்பது ஒரு நிரைக்குள் இருக்கும் மதிப்புகளுக்கு இடையே. அட்டவணைக்கும் அட்டவணைக்கும் நடுவே அல்ல.

ரயில்களை வைத்துப் பார்ப்போம். ‘வண்டி’ என்ற அட்டவணையில் எண், பெயர், புறப்படும் இடம், சேரும் இடம் என நான்கு நிரல்கள் (மேலிருந்து கீழாக வரும் பத்திகள்). 12635, வைகை, எழும்பூர், மதுரை. 12637, பாண்டியன், எழும்பூர், மதுரை. 12631, நெல்லை, எழும்பூர், திருநெல்வேலி. தரவுத்தளத்தில் இதைத் தவிர வேறு அட்டவணையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது ரிலேஷனல் தரவுத்தளம்தான், ஒரு குறையும் இல்லை. 12635 என்ற எண்ணையும் வைகை என்ற பெயரையும் மதுரை என்ற ஊரையும் ஒரே நிரையில் கோத்ததே உறவு. ‘உறவுநிலை’ என்று படித்த மாணவரிடம் இதைக் காட்டினால், “ஒரே அட்டவணைதானே இருக்கிறது, யாரோடு உறவு?” என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. நாம் கொடுத்த சொல் அப்படி.

சரி, இப்போது ‘நிலையம்’ என்று இரண்டாவது அட்டவணை போடுவோம். ஒரு வண்டி பல நிலையங்களில் நிற்கும். ஒரு நிலையத்தில் பல வண்டிகள் நிற்கும். வண்டிக்கும் நிலையத்துக்கும் உள்ள இந்த மாதிரியான தொடர்பைத்தான் கணினி அறிஞர் பீட்டர் சென், தரவை வரைபடமாக வடிவமைக்க 1976இல் வெளியிட்ட தம் முறையில் ‘ரிலேஷன்ஷிப்’ என்றார். வண்டிக்கு ஒரு செவ்வகம், நிலையத்துக்கு ஒரு செவ்வகம், நடுவே சாய்சதுரத்தில் ‘நிற்கும்’. வந்து சேரும் நேரம் எதனுடைய பண்பு? வண்டியுடையதும் அல்ல, நிலையத்துடையதும் அல்ல, அந்தச் சாய்சதுரத்துடையது. இதைக் காட் வகுத்த முறைக்கு மாற்றும்போது அதற்கும் ஓர் அட்டவணை வந்துவிடும். பெயர் ‘நிறுத்தம்’, நிரல்கள் வண்டி எண், நிலையம், நேரம். ஆக, சென் சொன்ன ரிலேஷன்ஷிப் இங்கே காட் சொன்ன ரிலேஷனாக உருமாறுகிறது. இந்த வாக்கியத்தில் இரண்டுக்கும் ‘உறவு’ போட்டு எழுதிப் பாருங்கள்: ‘உறவு உறவாக உருமாறுகிறது’. பாடம் அங்கேயே படுத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1970 கட்டுரையிலேயே காட் ‘ரிலேஷன்ஷிப்’ என்ற சொல்லையும் ஆள்கிறார், ஆனால் வேறு பொருளில். நிரல்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது முக்கியமானால் அது ரிலேஷன். நிரல்களுக்குப் பெயர் கொடுத்து வரிசையைப் பொருட்படுத்தாமல் விட்டால் ரிலேஷன்ஷிப். ஆறு ஆண்டு கழித்து சென் அதே சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். மூலமொழியிலேயே தடுக்கி விழுந்த இடம் இது. அந்தப் பள்ளத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க நமக்கு என்ன கட்டாயம்?

‘தொடர்புசார்’ மீது எனக்கு உள்ள மனத்தாங்கல் இன்னும் பெரியது. காட் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் தெரியும். அப்பல்லோ திட்டத்தில் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பாகப் பட்டியலைப் பராமரிப்பதற்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் என்ற தரவுத்தள அமைப்பு 1968இல் ஓடத் தொடங்கியது. அது படிநிலை முறை. மேலே ஒரு பதிவு, அதன்கீழ் கிளை கிளையாகப் பதிவுகள். நம் ரயில் தரவை அதில் வைத்தால் வைகையின்கீழ் திருச்சி, திண்டுக்கல், மதுரை வரும். நெல்லையின்கீழ் மறுபடியும் அதே திருச்சி, திண்டுக்கல், மதுரை. ‘வைகை எங்கெல்லாம் நிற்கும்?’ என்று கேட்டால் பதில் கைமேல் கிடைக்கும். ‘திண்டுக்கல்லில் எந்தெந்த வண்டி நிற்கும்?’ என்று கேட்டால் ஒவ்வொரு வண்டியாக இறங்கித் தேட வேண்டும், இல்லாவிட்டால் நிலையத்தை மேலே வைத்து இன்னொரு மரம் கட்ட வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐடிஎஸ் என்ற அமைப்பு இந்தச் சிக்கலுக்குப் பதிவுகளைச் சுட்டிகளால் (அடுத்த பதிவு எங்கே என்று காட்டும் குறிப்புகளால்) சங்கிலியாகக் கோத்தது. ஒரே பதிவு இரண்டு மூன்று சங்கிலிகளில் உட்காரலாம். வலையமைப்பு முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் எந்தச் சுட்டியைப் பிடித்து எங்கே போவது என்பது கணினி நிரல் (புரோகிராம்) எழுதுபவர் தலையில். 1973இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற உரையில் பாக்மனே நிரலாளரைத் தரவுக் கடலில் வழி கண்டு செலுத்தும் மாலுமியாகத்தான் வருணித்தார், அதுவும் பெருமையாக.

காட் இந்தச் சுட்டிகளைப் பயனர் கண்ணிலிருந்தே எடுத்துவிட்டார். ‘நிறுத்தம்’ அட்டவணையில் 12635 இருக்கிறது, திண்டுக்கல் இருக்கிறது. இரண்டும் வெறும் மதிப்புகள். வண்டிப் பக்கமிருந்து கேட்டாலும் நிலையப் பக்கமிருந்து கேட்டாலும் கேள்வியின் வடிவம் ஒன்றுதான். உள்ளே குறியகராதி (இண்டெக்ஸ்) எப்படி இருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் தரவுத்தள மேலாண்மை மென்பொருளின் கவலை. நாளைக்கு உள்ளே மாற்றி அடுக்கினாலும் கேள்வி மாறாது. தரவுச் சார்பின்மை என்று பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான்.

பதிவுக்கும் பதிவுக்கும் தொடர்பு இருப்பதுதான் இலக்கணம் என்றால், அந்தப் பெயருக்கு முதல் உரிமை ஐஎம்எஸ்ஸுக்கும் ஐடிஎஸ்ஸுக்கும்தான். சுட்டியை ஒழித்த முறைக்குப் போய்த் ‘தொடர்புசார்’ என்று பெயர் வைக்கிறோம்!

அட்டவணைகளுக்கு இடையே உள்ள உறவுதான் பெயர்க்காரணம் என்ற குழப்பம் எங்கிருந்து பரவியது என்று இந்த இழையில் ஓர் ஐயா கேட்டிருந்தார். என் ஊகம், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கற்றுக்கொண்ட தலைமுறை. அதில் ‘ரிலேஷன்ஷிப்ஸ்’ என்றே ஒரு சாளரம் உண்டு. அட்டவணைகளைப் பரப்பி வைத்து நடுவே கோடு இழுக்கலாம். கோட்டைப் பார்த்தவர்கள் பெயர்க்காரணமே அதுதான் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை வைத்து இன்னொரு முன்மொழிவு:

> எஸ்கியூஎல்லில் ‘டேபிள்’ என்றுதானே எழுதுகிறோம்? ‘அட்டவணைத் தரவுத்தளம்’ என்று வைத்துவிட்டால் சண்டையே இல்லையே.

சண்டை இருக்காது, பாடமும் இருக்காது. ரிலேஷன் ஒரு கணம் என்பதால் அதில் ஒரே நிரை இரண்டு முறை வராது, நிரைகளுக்கு முன்பின் வரிசையும் கிடையாது. அட்டவணை என்றதும் நம் மனதில் வருவது தாளில் கோடு போட்டது. அதில் முதல் வரி, கடைசி வரி எல்லாம் உண்டு. எஸ்கியூஎல்லும் இரட்டை நிரைகளை அனுமதிக்கிறது. அதனால்தான் ‘டிஸ்டிங்க்ட்’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ரிலேஷனுக்கும் டேபிளுக்கும் இடையே இந்த இடைவெளி இருக்கிறது என்று சொல்வதற்காவது இரண்டு சொற்கள் வேண்டும். ‘அட்டவணை’ டேபிளுக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை இது. ரிலேஷன் என்பதற்கு வெறும் ‘உறவு’. ‘நிலை’ வேண்டாம், ‘சார்’ வேண்டாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. கார்டீசியன் பெருக்கலின் உட்கணம் உறவு என்று பதினைந்து வயதில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, இரண்டு ஆண்டு கழித்து அதே பொருளைத் தரவுத்தளத்தில் வேறு சொல்லில் சொல்வது அநியாயம். ஆக, ‘உறவுத் தரவுத்தளம்’. காட் உருவாக்கிய இயற்கணிதம் ‘உறவு இயற்கணிதம்’. சென்னின் ரிலேஷன்ஷிப் ‘தொடர்பு’. அவருடைய ‘என்டிட்டி-ரிலேஷன்ஷிப்’ முறை ‘உருபொருள்-தொடர்பு’ முறை.

‘தொடர்பு’ ஏற்கெனவே கைபேசி எண்ணுக்குப் போய்விட்டது, ‘தொடர்புக்கு’ என்றுதானே பலகையிலெல்லாம் எழுதுகிறோம் என்று ஒரு தோழி சொன்னார். உண்மைதான். வாடிக்கையாளர் அட்டவணையில் ‘தொடர்பு எண்’ என்று ஒரு நிரலும் இருக்கத்தான் போகிறது. ஆனால் வரைபடத்தில் சாய்சதுரத்துக்குள் ‘தொடர்பு’ என்று யாரும் எழுதுவதில்லை. அங்கே ‘நிற்கும்’, ‘வாங்குவார்’, ‘கற்பிப்பார்’ என்று வினைதான் வரும். குழப்பத்துக்கு வழி குறைவு. ‘பிணைப்பு’ என்ற மாற்று அழகாகவே இருக்கிறது, ஆனால் வேதியியலார் விட்டுத்தர மாட்டார்கள். ‘இணைப்பு’ இரண்டு அட்டவணைகளைப் பொருத்திச் சேர்க்கும் ‘ஜாயின்’ செயலுக்கு வேண்டும். ‘சேர்ப்பு’ கணிதத்தில் யூனியனுக்குப் போய்விட்டது.

‘மாதிரி’ பற்றியும் இரண்டு வார்த்தை. தரவை எப்படி அமைப்பது, கையாள்வது என்று வகுக்கும் டேட்டா மாடலைத் ‘தரவு மாதிரி’ என்று எழுதி வருகிறோம். ‘இரத்த மாதிரி’ என்றால் சோதனைக்கு எடுத்த கொஞ்சம் இரத்தம். அப்படியானால் ‘தரவு மாதிரி’ என்பது பார்ப்பதற்காக எடுத்த கொஞ்சம் தரவு என்றுதானே புள்ளியியல் படித்தவர் நினைப்பார்? 1980இல் காட் இந்தக் கருத்துக்கு மூன்று உறுப்புகள் சொன்னார். தரவைக் கட்டும் அமைப்பு வகைகள், அவற்றின்மேல் செய்யக்கூடிய செயல்கள், தரவு முறைபிறழாமல் காக்கும் விதிகள். இவ்வளவையும் சுமக்க ‘மாதிரி’க்கு வலு போதாது. சிலர் எழுதிவரும் ‘மாதிரியுரு’ நீளம் என்றாலும் என் வாக்கு அதற்கே. ‘உறவு மாதிரியுரு’, ‘படிநிலை மாதிரியுரு’, ‘வலையமைப்பு மாதிரியுரு’. நாக்கு பழகிவிடும்.

‘கீ’ என்பதற்குச் சாவியா திறவுகோலா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. ஒரு நிரையைத் தனித்து அடையாளம் காட்டும் ‘பிரைமரி கீ’க்கு ‘முதன்மைச் சாவி’ நன்றாகவே ஓடுகிறது, ஓடட்டும்.

கடைசியாக, நாம் தொடாமல் வைத்திருக்கும் ஒன்று. ‘ஃபங்ஷன்’ என்றால் சார்பு. ‘டிபென்டன்சி’ என்றாலும் சார்பு. வண்டி எண் தெரிந்தால் வண்டியின் பெயர் உறுதியாகிவிடுகிறது என்ற விதிக்குப் பெயர் ‘ஃபங்ஷனல் டிபென்டன்சி’. இயல்பாக்கம் (ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது) முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நேராகப் பெயர்த்தால் ‘சார்புச் சார்பு’! என் குறிப்பேட்டில் இப்போதைக்கு ‘நிர்ணயச் சார்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எண் பெயரை நிர்ணயிக்கிறது என்ற பொருளில். வடமொழி வாடை அடிக்கிறது என்பீர்கள், தெரியும். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் இந்த இழையில் போட வேண்டாம், தனி இழை தொடங்குங்கள்.