கற்பாசியா, பாசிப்பூஞ்சையா?

வணக்கம் நண்பர்களே.

பூஞ்சையும் பாசியும் (alga) ஓருடலாகச் சேர்ந்து வாழும் லைக்கனுக்கு (lichen) தமிழில் 'கற்பாசி' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தைப் படித்தேன். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். அந்தச் சொல் அடுப்படியில் நன்றாக வாழட்டும். பொதுச்சொல்லாக்கினால்தான் சிக்கல்.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள லேக் வேல்ஸ் மேட்டைப் பற்றியது. வெள்ளை மணலில் புதர்க்காடு. அங்குள்ள கிளாடோனியா பெர்ஃபொராட்டாதான் 1993இல் அமெரிக்காவின் அருகிய இனச் சட்டப் பட்டியலில் ஏறிய முதல் லைக்கன். இதற்கு வேர் கிடையாது, எதையும் பற்றிக்கொள்ளாமல் வெறும் மணலில் கிடக்கும். இதை எப்படிக் கற்பாசி என்பது? 'பாசி'யும் பொருந்தவில்லை. உடலின் பெரும்பகுதி பூஞ்சை. பாசி அதனுள் குடியிருந்து உணவு தயாரிக்கிறது. அறிவியற்பெயரும் பூஞ்சைக்கு உரியதே.

அதனால் 'பாசிப்பூஞ்சை' என்று முன்மொழிகிறேன். தயிர்க்குடம் தயிரை உடைய குடம் என்றால், இது பாசியை உடைய பூஞ்சை. 'பூஞ்சைப்பாசி' என்று திருப்பினால் பொருளும் திரும்பிவிடும். சில லைக்கன்களில் இருப்பது சயனோபாக்டீரியா என்பது சரிதான். அதையும் நாம் நீலப்பச்சைப்பாசி என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

அப்புறம், endangered species என்பதற்கு 'அழியும் இனம்' வேண்டாம், 'அருகிய இனம்' போதும். அருகியதெல்லாம் அழிந்தேதீரும் என்றில்லை. அதே மேட்டில் இலந்தைக்கு உறவான ஒரு முட்புதர் பூக்கிறது. 1948இல் சேகரித்த மாதிரியை வைத்து 1984இல் அதற்குப் பெயரிட்டபோதே அழிந்துவிட்டதாக நினைத்தார்கள். 1987இல் உயிரோடு கிடைத்தது! பிறகு அதை இலந்தையின் பேரினத்திலிருந்து பிரித்து வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் 'புளோரிடா இலந்தை' என்றே எழுத விரும்புகிறேன், நம் வாசகருக்குச் செடி உடனே கண்முன் வரும்.

இந்த இலந்தையும் அந்தப் பாசிப்பூஞ்சையும் சட்டத்தில் ஒரே நிலையில் இருந்தாலும் துன்பம் வேறு. இந்த இலந்தையின் மகரந்தம் அதே செடிக்கு ஒவ்வாது. பல இடங்களில், ஓரிடத்தில் நிற்பதெல்லாம் ஒரே செடியின் வேர்க்கன்றுகள் என்பதால் காய் பிடிப்பதில்லை. தீ வந்தால் அது வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பாசிப்பூஞ்சையோ எரிந்தால் போயிற்று. எரியாத மணல் திட்டில் தப்பிய துண்டுகளிலிருந்துதான் திரும்பப் பரவவேண்டும். புதர்க்காட்டுக்கோ இடையிடையே தீ தேவை. அதனால் காட்டைக் காப்பவர்கள் வேண்டுமென்றே, அளவாக வைக்கும் தீ கட்டுரை முழுக்க வருகிறது. இப்போதைக்குத் 'திட்டமிட்ட எரிப்பு' என்று எழுதியிருக்கிறேன். 'காட்டுத்தீ' என்று படித்துவிடாத, இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.