இணைப்புகளை ஆவணத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

அம்மப்பா ஆடிய வடமோடிக் கூத்தின் கொப்பி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதைத் தட்டச்சு செய்து, அருஞ்சொல் வரும் இடமெல்லாம் பாட்டுக்கு நடுவிலேயே எச்டிஎம்எல் குறி போட்டு விளக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தேன். 'தரு' (கூத்துப் பாட்டு வகை) என்ற சொல் வந்த ஒவ்வொரு இடத்திலும் அதே இணைப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டினேன். பிறகு ஒரு நாள் விளக்கக் கோப்பின் பெயரை மாற்றினேன். அத்தனையும் அறுந்துவிட்டன.

அதைவிட எனக்கு உறைத்தது கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்னதுதான். மடிக்கணினியில் காட்டினேன். நீல நிறத்தில் அடிக்கோடிட்டுக் கிடந்த வரிகளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "மனே, கொப்பிக்குள்ள கை வைக்காத. உன்ட விளக்கத்த வேற கொப்பியில எழுதி வை."

அன்றிரவே தேடினேன். இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹால் குழுவினர் 1980களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய மைக்ரோகாஸம் மென்பொருள் இதையேதான் செய்திருக்கிறது. ஆவணத்துக்குள் ஒரு குறியும் இல்லை, இணைப்பெல்லாம் தனித் தரவுத்தளத்தில். ஒரு சொல்லுக்கு ஒருமுறை இணைப்பு எழுதிவிட்டால், அந்தச் சொல் எந்த ஆவணத்தில் வந்தாலும் வேலை செய்யும். 'தரு'வுக்கு இப்போது என்னிடம் ஒரே ஒரு வரிதான்.

ஆனால் பாட்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சுட்டுவது வேறு சிக்கல். முதலில் 412ஆவது எழுத்து என்று எண்ணால் குறித்தேன். மேலே ஒரு வரியில் விடுபட்டிருந்த மெய்ப்புள்ளியை இட்டேன், அவ்வளவுதான். யுனிகோடில் புள்ளிக்கும் தனி எண்ணிக்கை உண்டு. கீழே உள்ள எல்லா இணைப்பும் ஓரிடம் தள்ளி, சொல்லின் நடுவில் போய் நின்றன. இப்போது சொல்லோடு அதன் முன்னும் பின்னும் வரும் சில எழுத்துகளையும் பதிந்து வைக்கிறேன். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017இல் வெளியிட்ட இணையக் குறிப்புரைத் தரத்தில் இந்த வழி இருக்கிறது.

கல்முனையிலிருந்து:

எங்களுக்கு இது அன்றாட வேலை. இங்கிலாந்துக் கம்பனிகளின் கணக்குகளைத் தயாரிக்கிறோம். 2011 ஏப்ரல் முதல் அங்கே கம்பனி வரிக்கான கணக்குகளை ஐஎக்ஸ்பிஆர்எல் என்ற, மனிதரும் கணினியும் படிக்கக்கூடிய வடிவில் கொடுக்க வேண்டும். அதற்கு அடிப்படையான எக்ஸ்பிஆர்எல் என்ற கணக்கறிக்கை மொழியில் கணக்கு உருப்படிகள் ஓரிடம், அவற்றின் பெயர்கள் ஓரிடம், எதை எதனோடு கூட்டுவது என்பது இன்னோரிடம். பெயரும் கூட்டலும் இருக்கும் கோப்புகளுக்கு லிங்க்பேஸ் (இணைப்புத் தளம்) என்றே பெயர். 2001இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட எக்ஸ்லிங்க் என்ற இணைப்பு முறையை வைத்துக் கட்டியது. இணைய உலாவிகள் அதை இந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, கணக்குத் துறை எடுத்துக்கொண்டது.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பெயர்களைத் தனி லிங்க்பேஸாக எழுதினேன். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. திரையில் 'பெறுமானத் தேய்வு' என்று வந்ததும் ஒரு பிள்ளை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டது.

ஏறாவூரிலிருந்து:

நான் இழந்த கதை. ஸ்கேன் செய்த பழைய காணி உறுதிகளுக்கு இடையிலான இணைப்புகளை ஓர் இலவசச் சேவையில் வைத்திருந்தேன். சேவை நின்றுபோனது. உறுதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, எந்த உறுதி எதிலிருந்து பிரிந்தது என்று இரண்டு வருடம் உட்கார்ந்து சேர்த்ததுதான் போய்விட்டது. இணைப்புக் கோப்பையும் பாட்டுக் கோப்புகளோடு சேர்த்துப் படி எடுத்து வையுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

எடுத்துவிட்டேன். ஒரு பென்டிரைவ் அண்ணாவியார் வீட்டிலும் இருக்கிறது. அவர் பாட்டை மட்டும் திறக்கிறார். அவருடைய பேத்தி விளக்கத்தையும் சேர்த்துத் திறக்கிறாள்.